தம்ஸ்-அப் போட்டால் படித்ததாகுமா? – கடிதம்

வணக்கம் ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு வாட்ஸாப் குழு தொடங்கி, தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் போடுகிறேன். எல்லாரும் தம்ஸ்-அப் போடுகிறார்கள். மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. சமூக ஊடகத்தால் ஆங்கில வாசிப்பு வளரும் என்பது வெறும் பேச்சுதானா?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

வெறும் பேச்சு இல்லை. தலையங்கத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள். ஒரு கதையைத் துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, பால் நேஷன் என்ற இரு மொழிக் கல்வி ஆய்வாளர்கள் 2000-இல் எழுதினார்கள். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். தலையங்கத்தில் வரிக்கு நாலு வரும். பிள்ளைகள் தம்ஸ்-அப் போட்டுவிட்டு நகர்வதில் தப்பே இல்லை.

சின்னதாகப் போடுங்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதும் இஸ்ரோ எக்ஸ் தளத்தில் ஒரு வரி போட்டதே, நினைவிருக்கிறதா? 'இந்தியா, நான் போக வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன், நீயும்தான்' என்று விண்கலமே பேசுவதுபோல. ஆங்கிலத்தில் அது எட்டே சொல். 'டெஸ்டினேஷன்' தவிர எல்லாமே ஒன்பதாம் வகுப்புக்குத் தெரிந்தவை. ஆனால் அந்த 'நான்' யார்? 'நீ' யார்? நிலவில் இறங்கியது கலம்தானே, 'நீயும்' எப்படி வந்து சேர்ந்தாய்? இதற்கு விடை அந்த வரியில் இல்லை. யோசித்தால்தான் வரும்.

நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதது இதுதான். பரீட்சையில் ஒரு பத்தியைக் கொடுத்தால், கேள்வியில் உள்ள சொல்லை அதில் தேடி, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. எனக்கு இது பெரிய வருத்தம்.

அப்புறம், பதிலை வாய்ஸ் நோட்டில், தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் கூச்சத்தில் பாதிப்பேர் ஒதுங்கிவிடுவார்கள். நமக்குத் தெரிய வேண்டியது அந்தப் பிள்ளைக்குப் புரிந்ததா என்பது மட்டும்தான். குழுவில் பேசக் கூச்சப்படுபவர்கள் உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும்.

வீட்டில் ஒரே ஃபோன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களுக்காக அதே வரியைக் காலையில் கரும்பலகையிலும் எழுதிவிடுங்கள். அப்பா வீடு திரும்பும் ராத்திரி ஒன்பது மணிவரை பதிலுக்கு நேரம் கொடுங்கள்.

அன்புடன்.