மேனேஜர் மாறினார், என் வேலையும் கெட்டுப்போனது ஏன்?

கேள்வி: திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் ஒன்பது வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். பழைய மேனேஜர் அண்ணாச்சி இருந்தவரை என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. புது சார் வந்து ஒரு வருடம் ஆகிறது. அவர் என்னிடம் அதிகம் பேசுவதில்லை, நானும் ஒதுங்கிவிட்டேன். இப்போது பில் என்ட்ரியில் அடிக்கடி தப்பு வருகிறது. மூளை மழுங்கிவிட்டதா?

பதில்: மழுங்கவில்லை. ஒன்பது வருடம் கையில் ஊறிய வேலை ஒரே வருடத்தில் மறந்துபோகாது. நீங்கள் எழுதியதில் ஒன்றைக் கவனித்தீர்களா? பழையவர் 'அண்ணாச்சி', புதியவர் 'சார்'. நம் ஊரில் அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

அண்ணாச்சியிடம் நடக்கிற போக்கில் "இந்த சூரத் பில்லைப் போன மாசமே போட்டுட்டோமா?" என்று கேட்டிருப்பீர்கள். சாரிடம் கேட்க வாய் வராது. நீங்களாக ஒரு முடிவுக்கு வந்து என்ட்ரி போட்டுவிடுவீர்கள், 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் 2பி (சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) வந்து ஒத்துப் பார்க்கும்போது இரண்டு பில் உதைக்கும், 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டிய நெருக்கடியில் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வரும், சார் முகம் சுளிப்பார். அப்புறம் முக்கியமான வேலை பக்கத்து மேஜைக்குப் போய்விடும். தப்பின் வேர் கேட்காமல் விட்டதில் இருக்கிறது.

மேலதிகாரி நெருக்கமாக வைத்துக்கொள்கிறவர்களுக்குத் தகவலும் நல்ல வேலையும் தானாக வந்து சேரும், மற்றவர்களுக்குக் கட்டளை மட்டும்தான் வரும் என்பதை 1970களிலேயே டான்சரோ, கிரேன் போன்ற ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். எதிர்பார்ப்புக்கு எவ்வளவு பலம் என்பதற்கு 1982இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். இஸ்ரேல் ராணுவத்தில் 105 பேர் பயிற்சியில் இருந்தார்கள். அவர்களில் சிலரைத் திறமைசாலிகள் என்று பயிற்சியாளர்களிடம் சொல்லிவைத்தார்கள். உண்மையில் அது சும்மா பொறுக்கிய பட்டியல். கடைசியில் அந்தச் சிலர்தான் அதிக மதிப்பெண் வாங்கினார்கள்.

சரி, சார் உங்களிடம் குறைவாக எதிர்பார்க்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். எனக்குக் கவலை அதுவல்ல. "எனக்கு இவ்வளவுதான் வரும்" என்று நீங்களே நம்பத் தொடங்கிவிட்டீர்களே, அதுதான் கவலை. தன்மேல் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தவர் ஆல்பர்ட் பண்டூரா. பிறர் தட்டிக்கொடுப்பதைவிடத் தன் கையால் ஒரு வேலையை முடித்துப் பார்த்த அனுபவமே அதை அதிகம் வளர்க்கும் என்று 1977இல் அவர் எழுதினார். அதனால் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரே ஒரு வேலையை எடுங்கள்: இந்த மாதம் கொள்முதல் பில்கள் முழுவதும் 14ஆம் தேதிக்கு முன்பே சரிபார்த்த நிலையில் இருக்க வேண்டும். சந்தேகம் வந்த பில்லை உங்கள் யூகத்தில் என்ட்ரி போடாமல் தனியே ஒரு கிளிப்பில் மாட்டிவையுங்கள்.

அந்தக் கிளிப்போடு சாரிடம் போங்கள். "என்மேல் என்ன வருத்தம் சார்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அதற்கு எந்த மேனேஜரிடமும் நேரான பதில் வராது. "இந்த மூணு பில்லையும் எப்படிப் போடலாம்னு சொல்லுங்க சார்" என்றால் போதும், பேச்சு அதுவாக வளரும். ஆட்கள் முன்னால் மரியாதைக்குறைவாகப் பேசுகிறவராக இருந்தால் கதை வேறு, அதை முதலாளியிடம்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவே போய் நிற்க வேண்டாம். 21ஆம் தேதி காலையில், ஷட்டர் தூக்கிக் கூட்டம் சேர்வதற்கு முன்னால் போங்கள், 3பி முடிந்த மறுநாள் அவருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.