20 மாதக் குழந்தை பேசவில்லை என்ற கேள்விக்கு

20 மாதப் பையன் மூன்று நான்கு வார்த்தைதான் பேசுகிறான், போன் காட்டினால்தான் சாப்பிடுகிறான், நாள் முழுக்க நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன், எல்லாம் என் தப்பா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை சகோதரி, உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்கவும் வேண்டாம். முதலில் காதைச் சோதித்துவிடுங்கள், கூப்பிட்டால் திரும்புகிறான் என்பது மட்டும் போதாது, லேசான கேட்புக் குறை அப்படித் தெரியாது. விரல் நீட்டிக் காட்டுகிறானா, கண்ணைப் பார்க்கிறானா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பு பேசிய வார்த்தைகளை இப்போது விட்டுவிட்டான் என்றால் இந்த வாரமே போங்கள்.

இந்த வயதில் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. சரி, ஒரே நாளில் நிறுத்த முடியாது, ஒரு வேளைச் சாப்பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். பேச்சுக்கென்று தனி நேரம் தேவையில்லை. துணி மடிக்கும்போது செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், அவன் 'பா' என்றால் 'பால் வேணுமா?' என்று கேட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்த்தபடி சில நொடி பேசாமல் இருங்கள், பதில் சொல்ல அவனுக்கு அந்த இடைவெளி வேண்டும்.

அப்புறம் உங்கள் தூக்கம். தினம் ஒரு மணி நேரமாவது வீட்டில் வேறு யாராவது அவனைப் பார்த்துக்கொள்ளட்டும், கூச்சப்படாமல் கேளுங்கள். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.