சிசிடிவில ஓடுன ஹார்டு டிஸ்க்க நம்பலாமா?

கேள்வி: குடும்ப போட்டோ, கல்யாண வீடியோ எல்லாம் போட்டு வைக்க 4 டிபி ஹார்டு டிஸ்க் தேடிட்டு இருக்கேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைல சிசிடிவி டிவிஆர்ல (ரெக்கார்டு பண்ற பொட்டி) இருந்து கழட்டுன டிஸ்க்க பாதி விலைக்கு தர்றேங்கறாங்க. டிஸ்க் நல்லா இருக்கான்னு காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர்ல நீல கலர்ல 'குட்'னு காட்டுனாங்க, ஆனா 31,000 மணி நேரம் ஓடிருக்குன்னும் அதுலயே இருக்கு. வாங்கலாமா சார்? (வாசகி, செங்கல்பட்டு)

பதில்: வருஷத்துக்கு 8,760 மணி நேரம், அப்போ 31,000ங்கறது மூணரை வருஷம் நிக்காம ஓடுன கணக்கு. சிசிடிவில கழட்டுனதுன்னா அது சரியாத்தான் வருது, அத பாத்து மட்டும் வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த நீல கலர நம்பி காசு குடுத்துடாதீங்க, ஏன்னா எந்த நம்பர்ல மஞ்சளாகணும்ங்கறத (மஞ்சள்னா எச்சரிக்கை) அந்த சாஃப்ட்வேர் செட்டிங்ஸ்ல போய் யார் வேணா மாத்தி வைக்கலாம். கடை கம்ப்யூட்டர்ல பாக்காம உங்க லேப்டாப்பும் டிஸ்க்க அதுல மாட்ட ஒரு சாட்டா டூ யுஎஸ்பி கேபிளும் கொண்டு போங்க. இந்த மாதிரி மூணரை இன்ச் டிஸ்க்குக்கு தனியா 12 வோல்ட் அடாப்டர் வேணும், அதோட சேர்ந்து வர்ற கேபிளா பாத்து வாங்குங்க. சில மட்டமான கேபிள்ல ஸ்மார்ட் விவரமே (டிஸ்க் தன் நிலைமைய தானே குறிச்சு வைக்கற கணக்கு) வராது, அதனால வீட்லயே வேற டிஸ்க் போட்டு ஒரு தடவ பாத்துட்டு கெளம்புங்க.

அந்த சாஃப்ட்வேர் காட்டுற ஸ்மார்ட் லிஸ்ட்ல 05, சி5, சி6 இந்த மூணு வரியோட ராவ் வேல்யூ (கடைசில இருக்கற நேரடி எண்ணிக்கை) தான் முக்கியம், மூணும் ஜீரோவா இருக்கணும். ராவ் வேல்யூ முதல்ல ஹெக்ஸ்ல (16 அடிப்படைல எண்ணுற முறை) தான் காட்டும், அதுல 10னு இருந்தா நிஜத்துல 16, மெனுல டெசிமலுக்கு (நாம எண்ணுற சாதாரண முறை) மாத்திட்டு பாருங்க. சி5ங்கறது படிக்க முடியாம தகராறு பண்ணிட்டு இருக்கற செக்டார் (டிஸ்க்ல டேட்டா எழுதுற சின்ன துண்டு), 05ங்கறது கெட்டுப்போச்சுன்னு ஒதுக்கிட்டு ஸ்பேர்ல மாத்துனது. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, விக்கறதுக்கு முன்னாடி டிஸ்க் முழுசும் ஒரு தடவ எழுதி அழிச்சா சி5 ஜீரோவுக்கு வந்துடும், ஆனா ஒதுக்குனது 05ல ஏறி அப்படியே நிக்கும். சி7 மட்டும் ஏறி இருந்தா பெரும்பாலும் கேபிள் தகராறு தான். சீகேட் டிஸ்க்ல 01, 07 வரில கோடிக்கணக்குல நம்பர் வரும், அது அவங்க கணக்கு வைக்கற விதம், பதறாதீங்க.

31,000 மணி நேரம்னு காட்டுனத விட 5 மணி நேரம்னு காட்டுனா தான் எனக்கு சந்தேகம் வரும். லேபிள்ல நாலு வருஷத்துக்கு முந்தின தேதி, ஸ்க்ரூ ஓட்டைல கீறல், சாட்டா பின்ல உரசுன கோடு, ஆனா மீட்டர் மட்டும் புதுசுன்னா செகண்ட் ஹேண்ட் கார் மாதிரி பின்னாடி சுத்திட்டாங்கன்னு அர்த்தம். 2025 ஆரம்பத்துல ஜெர்மனில இது பெரிய விவகாரமே ஆச்சு, ஓடி தேஞ்ச சீகேட் டிஸ்க்குகள ஸ்மார்ட் கணக்க அழிச்சுட்டு புதுசுன்னு வித்துருந்தாங்க. டிஸ்க்குக்குள்ள ஃபார்ம்னு தனியா ஒரு லாக் (பதிவேடு) இருக்கு, அத அழிக்க மறந்துருந்தாங்க, அதுல தான் குட்டு வெளிப்பட்டுச்சு. சீகேட் டிஸ்க்னா ஸ்மார்ட்மான்டூல்ஸ்ங்கற சாஃப்ட்வேர்ல (ஃப்ரீ தான்) நீங்களும் அந்த லாக்க பாக்கலாம். லேபிள்ல இருக்கற சீரியல் நம்பரும் சாஃப்ட்வேர்ல வர்றதும் ஒண்ணான்னு கண்டிப்பா பாத்துடுங்க.

கடைல அதே ஸ்மார்ட்மான்டூல்ஸ்ல ஷார்ட் டெஸ்ட் (டிஸ்க் தன்னையே சோதிக்கறது) போடுங்க, ரெண்டு நிமிஷம் தான், அப்போ டிஸ்க் மேல காத வச்சு கேளுங்க, டக் டக்னு ஒரே தாளத்துல அடிச்சா அங்கயே குடுத்துட்டு வந்துடுங்க. முழு டெஸ்ட்டுக்கு 4 டிபின்னா ஏழெட்டு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் கடைல உக்கார முடியாது, அதனால ரெண்டு நாள்ல திருப்பி எடுத்துக்கறேன்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. எழுத மாட்டேன்னு சொன்னா வேற கடை பாருங்க. வீட்டுக்கு வந்து டெஸ்ட் முடிஞ்சதும் அந்த மூணு வரிய மறுபடி பாக்கணும். அப்புறம் கல்யாண வீடியோவ இதுல மட்டும் வைக்காதீங்க, இது ரெண்டாவது காப்பிக்கு ஓகே.

கேள்வி: எனக்கு காட்டுன டிஸ்க்ல 05ல 8 இருக்கு. 300 ரூபா கொறச்சு தர்றாங்க, வாங்கவா? (வாசகர், ஓசூர்)

பதில்: உங்க சொந்த டிஸ்க்ல அந்த 8 ஆறு மாசமா 8ஆவே நின்னா பயமில்லாம ஓட்டலாம். இது கடைக்காரர் டிஸ்க், போன மாசம் எவ்ளோ இருந்துச்சுன்னு உங்களுக்கு தெரியாது. விட்டுடுங்க.