ஒட்டாவாவில் இந்தியாவுக்காகப் பேசியவர்கள் யார்?

கேள்வி: பிரிட்டிஷ் பேரரசு நாடுகள் ஒன்றுக்கொன்று வரிச்சலுகை தரக் கனடாவின் ஒட்டாவாவில் பேசி முடித்த 1932ஆம் ஆண்டு வணிக ஒப்பந்தம் குறித்து முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். இந்தியத் தரப்பில் பேசியவர்களை அரசு அதிகாரிகள் என்பதா, இந்தியாவின் பிரதிநிதிகள் என்பதா? எந்த ஆவணங்களைப் பார்க்க வேண்டும்?

பதில்: பெயர்ப் பட்டியலை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய இயலாது. குழுவின் தலைவர் சர் அதுல் சட்டர்ஜி ஐ.சி.எஸ். அதிகாரி, லண்டனில் இந்திய ஹைகமிஷனராக இருந்தவர். சர் ஜார்ஜ் ரெய்னி வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் வணிகத் துறையை வகித்தவர். கோவையின் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் கராச்சி வணிகர் ஹாஜி அப்துல்லா ஹாரூனும் மத்திய சட்டசபை உறுப்பினர்கள் என்றாலும், அவர்களைச் சபை தேர்ந்து அனுப்பவில்லை, அரசே நியமித்தது. எனவே ‘அரசு நியமித்த குழு’ என்று எழுதுவதே பிழையற்றது. இலங்கை, மலேயா போன்ற காலனிகளுக்கு இந்த இடமும் கிடைக்கவில்லை. அவற்றின் சார்பில் பேசியவர் பிரிட்டனின் காலனித்துறை அமைச்சர் கன்லிஃப்-லிஸ்டர்.

குழுவுக்கு இருந்த பேரம் பேசும் வலிமை எவ்வளவு என்பதை ஒரு தேதி காட்டிவிடும். 1932இல் பிரிட்டன் பொதுவாக 10 சதவீத இறக்குமதி வரி விதித்தபோது, இந்தியாவுக்கும் டொமினியன்களுக்கும் (கனடா, ஆஸ்திரேலியா போன்ற, பேரரசுக்குள் தன்னாட்சி பெற்ற நாடுகள்) அளித்த விலக்கு அவ்வாண்டு நவம்பர் 15 வரை மட்டுமே. உடன்பாடு எட்டாவிட்டால் இந்தியச் சரக்குகளும் வரி கட்ட வேண்டியிருக்கும் என்ற நிலையில், புதிய ஆதாயம் தேடுவதைவிட இருக்கும் சலுகையைக் காப்பதே குழுவின் வாதமாக அமைந்ததில் வியப்பில்லை. பதிலுக்குப் பல பிரிட்டிஷ் சரக்குகளுக்கு 10 சதவீதமும் மோட்டார் வண்டிகளுக்கு 7.5 சதவீதமும் வரிச்சலுகை தரப்பட்டது.

இந்திய அரசும் சட்டசபையும் ஒத்துப்போகும் வரிக் கொள்கையில் இந்தியா மந்திரி (இந்தியாவுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் அமைச்சர்) தலையிடுவதில்லை என்ற மரபு 1920களிலேயே ஏற்கப்பட்டிருந்தது. அந்த அரசோ சட்டசபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதன்று. ஆகவே டெல்லி வணிகத் துறைக்கும் அந்த அமைச்சரின் அலுவலகமான லண்டன் இந்தியா ஆபீசுக்கும் இடையே சென்ற தந்திகளில், குழுவுக்கான அறிவுறுத்தலை வரைந்தவர் யார், திருத்தியவர் யார் என்பதைத் தேடுங்கள். வணிகத் துறையின் ஆவணங்கள் புதுடெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் இந்தியா ஆபீசின் ஆவணங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் உள்ளன. 1932 இறுதியில் ஒப்பந்தத்தை ஏற்ற சட்டசபை, 1936 மார்ச்சில் அதை முடித்துக்கொள்ளும்படி வாக்களித்தது. இரு விவாதங்களையும் சேர்த்தே படியுங்கள். அதன்பின் பிரிட்டனுடன் புதிய ஒப்பந்தத்துக்காக நடந்த பேச்சில் பிர்லா, புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ் முதலிய இந்தியத் தொழிலதிபர்கள் அதிகாரப்பூர்வமற்ற ஆலோசகர்களாக அமர்த்தப்பட்டதை ஒட்டாவாக் குழுவோடு ஒப்பிட்டால், உங்கள் கேள்விக்கு ஓர் அத்தியாயமே கிடைக்கும்.