ஆத்துல வேலை செஞ்ச ஆளுங்கள விட்டுட்டு ஆத்து வரலாறா?

அக்கா, வணக்கம்.

நான் பாலக்காட்டு சித்தூர்க்காரன். எங்க ஊர் வரலாற நாலு பேருக்கு சொல்லணும்னு ஒரு சின்ன குழு வச்சிருக்கோம். மாசம் ஒரு ஞாயித்துக்கிழம ஆத்தோரமா நடை, ஸ்கூல்ல பேச்சு, பழைய போட்டோ கண்காட்சி இதெல்லாம் பண்றோம். வர்றது அதே முகங்கதான். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து தமிழ் ஆளுங்க எட்டிக்கூட பாக்கறதில்ல. கொங்கு ராஜா தோத்த கதைய நடிச்சுக் காட்டற கொங்கன்படைத் திருவிழா பத்தி போர்டு வச்சா அவங்களுக்கு சங்கடமா இருக்குமோன்னு ஒரு தயக்கம் வேற. நோட்டீஸ் மலையாளத்துல போடறதா தமிழ்ல போடறதா? கியூஆர் கோடு, ரீல்ஸ்னு போனா இளவட்டம் வருமா? மக்களுக்கு வரலாறுல ஆர்வமே இல்லைன்னு தோணிப்போச்சு. எங்க நோட்டீஸ் ஒண்ணு இதோட அனுப்பியிருக்கேன், பாத்துட்டு ஒரு வழி சொல்லுங்க.

– ஒரு வாசகர், சித்தூர்

தம்பி,

நல்ல வேலை பண்றீங்க, அத மொதல்ல சொல்லிடறேன். ஞாயித்துக்கிழம வீட்டுல படுத்துக் கெடக்காம ஆத்தோரம் நடக்கற பசங்க இருக்காங்கன்னு கேக்கவே மனசு நெறஞ்சு போச்சு. ஆனா அந்த கடைசி வரி, "மக்களுக்கு ஆர்வமே இல்ல", அதப் படிச்சதும் எனக்கு சுள்ளுன்னு கோவம் வந்துச்சு. ஏன்னா கொஞ்ச நாளா நானும் இதேதான் யோசிச்சுட்டு இருக்கேன், வேற பக்கத்துல இருந்து.

சின்னக் கேள்விய எல்லாம் சட்டுனு முடிச்சிடறேன். நோட்டீஸ் ரெண்டு மொழியிலயும் போடுங்க, இதுல யோசிக்க என்ன இருக்கு. ரீல்ஸ் போடுங்க, கியூஆர் ஒட்டுங்க, வேண்டாம்னு யாரு சொன்னா. கொங்கன்படைக்கு எங்க வீட்டு ஆளுங்களே கும்ப மாசம் வண்டி கட்டிட்டு சித்தூர் பகவதி கோயிலுக்குப் போய் ராவெல்லாம் முழிச்சுப் பாத்தவங்கதான். கொங்கு ராஜா படையெடுத்து வந்து தோத்துப் போற கதைன்னு தெரிஞ்சேதான் போனாங்க, திரும்பி வர்றப்ப பலகாரமும் வாங்கிட்டு வந்தாங்க. தமிழ் ஆளுங்க உங்க கண்காட்சிக்கு வராததுக்கு காரணம் அது இல்ல.

காரணத்த சொல்றேன். கொஞ்ச வருஷம் முன்னாடி எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர்ல இப்படித்தான் ஒரு வரலாற்றுக் கூட்டம், ஆத்தப் பத்தி பேச்சுன்னு கூப்பிட்டாங்கன்னு போனேன். பேச வந்தவரு ஸ்க்ரீன் போட்டு ஹைதர் அலி 1766ல பாலக்காட்டுக் கோட்டைய கட்டினதுல ஆரம்பிச்சு, இங்கிலீஷ்காரன் 1790ல அத கடைசியா புடிச்சது வரைக்கும் வந்து, அப்பறம் மலையாளக் கவி எழுத்தச்சன் கடைசி காலத்துல சித்தூர்ல தங்கினாருங்கற நம்பிக்கை, சோகநாசினின்னு ஆத்துக்குப் பேரு, அவரோட குருமடம் எல்லாம் சொல்லி முடிச்சாரு. தப்பா ஒண்ணும் சொல்லல. பின்வரிசையில ஒரு பெரியவரு எந்திரிச்சாரு, கால்வாய்ல ஷட்டர் தூக்கி தண்ணி விடற லஸ்கரா இருந்து ரிட்டயர் ஆனவராம். அவரு ஏதோ சொல்ல வாயத் தொறந்தாரு. கேள்வியெல்லாம் கடைசில தாத்தா, உக்காருங்கன்னு மைக்க வாங்கிட்டாங்க. அவரு உக்காரல, துண்ட ஒதறி தோள்ல போட்டுட்டு வெளிய நடந்துட்டாரு.

நான் பின்னாடியே போனேன். டீக்கடை பெஞ்சுல அவரு பஸ் வர்ற வரைக்கும் பேசினாரு, ரெண்டு பஸ்ஸ விட்டுட்டுப் பேசினாரு. அவரு சின்னப் பையனா இருக்கறப்ப மேல டேம் ஏதும் கெடையாது, ஆனி ஆடியில மழை விழுந்தா ஆறு கரையத் தொடும், மாசி பங்குனியில வெறும் மணல், பொம்பளைங்க மணல்ல ஊத்து தோண்டி குடத்துல மொண்டுட்டு போவாங்க, சந்தைக்குப் போற மாட்டு வண்டி பாலத்துக்கு சுத்தாம மணல்லயே எறங்கிப் போயிடும். டேம் வந்தப்பறம் தண்ணிக்கு மழைக் கணக்கு போய் தேதிக் கணக்கு வந்துருச்சு. ராத்திரி டார்ச் அடிச்சுட்டு கடைமடை ஆளுங்க வந்து நிப்பாங்களாம், இன்னும் ஒரு திருகு தூக்கி விடு சாமின்னு. மேல் மடைக்காரன் காலைல வந்து சண்டை போடுவானாம். யாருக்கும் கூடுதல் கொறைவு இல்லைன்னு காட்டறதுக்கு இவரு ஷட்டர் பக்கத்து சுவத்துல கரிக்கோடு போட்டு வச்சிருப்பாராம், அன்னிக்கு எவ்வளவு தூக்கினோம்னு. சொல்லிட்டு, அந்த சுவத்துக்கு சுண்ணாம்பு அடிச்சுட்டாங்கன்னாரு.

இத மைக்குல சொல்ல விட்டிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்? உங்களத்தான் கேக்கறேன் தம்பி, உங்க கூட்டத்துல இப்படி ஒரு ஆளுக்கு எத்தன நிமிஷம் குடுப்பீங்க?

உங்க ஆத்தோட கதை சாதாரணக் கதை இல்ல. ஆனமலையில எறங்கி ஆழியாறா அம்பராம்பாளையம் வந்து, மணக்கடவு தாண்டி சித்தூர்ப்புழையாகி, பறளியில கல்பாத்திப்புழையோட சேந்து பாரதப்புழையாகுது. 1949க்கு முன்னாடி மேல கோயம்புத்தூர் ஜில்லா, கீழ பாலக்காடு மலபார் ஜில்லா, ரெண்டும் சென்னை ராஜதானி, நடுவுல உங்க சித்தூர் மட்டும் கொச்சி ராஜாவோடது. 1956ல கேரளா வந்து, 1957 ஜனவரியிலதான் பாலக்காடு ஜில்லாவே வருது. அதனால பழைய காயிதமும் சிதறித்தான் கெடக்கு, கொச்சி ரெக்கார்டு எர்ணாகுளத்து ஆவணக் காப்பகத்துல, மலபார் ரெக்கார்டு கோழிக்கோட்டுல, சென்னைக்குப் போனது எழும்பூர்ல. போய்ப் பாருங்க, பாக்கணும். தமிழ்நாடும் கேரளாவும் 1970ல போட்டு 1958ல இருந்தே செல்லும்னு எழுதின பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தமும் படிங்க, வருஷத்துக்கு மணக்கடவுல 7.25 டிஎம்சி உங்களுக்குன்னு அதுல இருக்கு. ஆனா அந்த 7.25 யாரு வயலுக்கு எந்த ராத்திரி போச்சு, யாருக்குப் போகல, அது எந்த ஆபீஸ் ஃபைல்லயும் கெடைக்காது. அது அந்த லஸ்கர் மாதிரி ஆளுங்ககிட்டத்தான் இருக்கு, அவங்க போயிட்டா அதுவும் போச்சு. கம்பாலத்தறை ஏரிக்கரையில, வண்ணாமடையில, எருத்தேன்பதியில போய் உக்காந்தீங்கன்னா தமிழ்லதான் சொல்லுவாங்க, தெனம் பனை ஏறினவரு, வெளுக்க ஆத்துக்குப் போனவங்க, கடலைக்காட்டுக்கு மொறை வச்சு தண்ணி கட்டினவங்க. அவங்கள உங்க கண்காட்சிய பாக்க வான்னுதானே கூப்பிடறீங்க? அவங்க வீட்டுத் திண்ணைக்கு நீங்க எப்பவாச்சும் போனீங்களா? கூப்பிட்டு வச்சு பாடம் எடுத்தா யாரு வருவா?

இன்னொண்ணு, இது கொஞ்சம் கண்டிச்சுத்தான் சொல்லணும். உங்க நோட்டீஸ்ல ஒரு பாட்டி சொன்னதா "1999 பெருவெள்ளம்"னு ஒரு வரி. தம்பி, அந்தப் பாட்டி "தொண்ணூத்தொம்பது வெள்ளம்"னுதான் சொல்லியிருப்பாங்க. அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருஷக் கணக்கு, 1099, கர்க்கடக மாசம், இங்கிலீஷ் கணக்குக்கு 1924 ஜூலை. கேரளாவையே பொரட்டிப் போட்ட வெள்ளம். அவங்க ஆத்தா சொல்லி இவங்க கேட்டது, எழுபத்தஞ்சு வருஷத்த நீங்க ஒரே வரியில முழுங்கிட்டீங்க. சித்தூர் கொச்சியில இருந்த ஊரு, பழைய பத்திரமெல்லாம் கொல்லம் ஆண்டுலதான் இருக்கும், 825 கூட்டினா இங்கிலீஷ் வருஷம் ஏறக்குறைய வந்துரும், சிங்க மாசத்துல (நம்ம ஆவணி) இருந்து தனு (மார்கழி) நடுவு வரைக்கும்னா 824. இது தெரியாம நோட்ட தூக்கிட்டு போகாதீங்க. யாரு சொன்னது, வயசென்ன, எந்தக் கரையில உக்காந்து சொன்னாங்க, யாருகிட்ட கேட்டு சொன்னாங்க, தேதியோட எழுதுங்க. போட்டோ வாங்கினா பின்னாடி பென்சில்ல பேரு எழுதுங்க, பேனாவுல எழுதினா மை ஊறி மூஞ்சி போயிரும். திருப்பிக் குடுக்கறேன்னு வாங்கினத திருப்பிக் குடுங்க, கண்ணு. ஒரு வீட்டுல ஏமாத்தினா அந்தத் தெருவே கதவ சாத்திரும்.

அடுத்த ஞாயித்துக்கிழம நடைய நிறுத்திட்டு ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு போங்க. ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி, வெட்டாம கொறைக்காம அப்படியே எனக்கு அனுப்புங்க. தமிழ்ல பேசினத எல்லாம் கேட்டு எழுதிக் குடுக்கற வேலைய நான் எடுத்துக்கறேன். அந்த 1999ஐ மட்டும் மறுபடி அச்சடிக்கறதுக்குள்ள மாத்திடுங்க.