பட்டனில் ஆடும் கையை முதல் இருக்கையிலும் ஆடலாமா?

பெங்களூரு மாரத்தஹள்ளியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "இணையத்தில் ஆறு பேர் மேசையில் போக்கர் ஆடிவந்த நாங்கள், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025-இல் தடை வந்தபின், வார இறுதிகளில் எங்கள் குடியிருப்பிலேயே ஒன்பது பேராகக் கூடி, பணமில்லாமல் வெறும் சிப்ஸ் வைத்து டெக்சஸ் ஹோல்டெம் (ஆளுக்கு இரு சீட்டும் நடுவில் பொதுச் சீட்டுகளும் கொண்ட போக்கர்) ஆடுகிறோம். ஏஸ்-ஜாக் வந்தால் எங்கிருந்தாலும் ரெய்ஸ் செய்வது (பந்தயத்தை உயர்த்துவது) என் வழக்கம். முன்பு கைகொடுத்த அந்த வழக்கம் இப்போது காலை வாருகிறது. இருக்கைதான் காரணம் என்கிறார் நண்பர். கலைத்துப் போட்ட சீட்டுக்கு நாற்காலி தெரியுமா? எந்த இடத்தில் உட்கார்ந்தால் நல்லது?"

சீட்டுக்கு நாற்காலி தெரியாது. ஆனால், உங்களுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் பேச வேண்டியிருக்கிறது என்பதை இருக்கைதான் முடிவு செய்கிறது. ஏஸ்-ஜாக்கை முந்தி நிற்பவை என்று ஏஸ், கிங், குயின், ஜாக் ஜோடிகளையும் ஏஸ்-கிங், ஏஸ்-குயின் கைகளையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். உங்கள் இரு சீட்டுகள் போக மீதமுள்ள 50 சீட்டுகளில் அமையக்கூடிய 1,225 கைகளில் இவை 42 மட்டுமே. ஆக, ஓர் எதிராளியிடம் இவற்றில் ஒன்று இருக்கும் வாய்ப்பு மூன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. அற்பமாகத் தோன்றும் இந்த எண், பிக் பிளைண்டுக்கு (சீட்டைப் பார்க்குமுன் கட்டாயப் பந்தயம் வைக்கும் இருவரில் இரண்டாமவருக்கு) அடுத்த இருக்கையில் அமர்ந்து எட்டுப் பேருக்கு முன்னால் நீங்கள் முதலாவதாகப் பேசும்போது ஏறத்தாழ 24 விழுக்காடாக வளர்ந்துவிடுகிறது. ஆறு பேர் மேசையின் முதல் இருக்கையில் அது 16 தான். மற்றவர்கள் ஃபோல்ட் செய்துவிட (கையைக் கைவிட்டு விலக), பட்டனில் (சீட்டுப் போடுபவருக்குரிய, பிளைண்டுகளுக்கு முந்தைய இடத்தில்) இருக்கும் உங்களுக்கு எதிரே இரண்டு பிளைண்டுகள் மட்டும் எஞ்சினால் 7-ஐத் தாண்டாது. உங்கள் வழக்கம் முன்பு பலித்ததற்கும் இப்போது பலிக்காததற்கும் பெருமளவு காரணம் இதுதான்.

ஆயினும், இருக்கையின் முழு மதிப்பு ஃபிளாப் (நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) விழுந்த பிறகுதான் தெரியும். ஜோடியில்லாத இரு சீட்டுகளுக்கு ஃபிளாப்பில் ஒரு ஜோடியாவது அமைவது ஏறக்குறைய மூன்றில் ஒரு முறைதான். அதாவது, பல நேரங்களில் உங்களுக்கும் ஒன்றும் இல்லை, எதிராளிக்கும் ஒன்றும் இல்லை. அத்தகைய நேரத்தில், எதிராளி பந்தயம் வைக்காமல் செக் செய்ததைப் பார்த்தபின் பேசுகிறவர் ஒரு சிறிய பந்தயத்திலேயே பாட்டை, அதாவது நடுவில் சேர்ந்த தொகையை, எடுத்துவிட முடிகிறது. ஃபிளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டுக்கு) ஒரு சீட்டு குறையும்போதும் அப்படியே: டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) அது வருவதற்கான வாய்ப்பு 47-இல் 9. எல்லோரும் செக் செய்திருந்தால், கடைசியாகப் பேசும் பட்டனில் இருப்பவர் தாமும் செக் செய்து அச்சீட்டைச் செலவில்லாமல் பார்த்துவிடலாம். முன்னால் பேசுகிறவருக்கு அந்த உரிமை இல்லை. அவர் செக் செய்தாலும் பின்னாலிருப்பவர் விலை வைக்கலாம்.

ஆகவே முதல் இருக்கையில் பத்தில் ஒரு கையை மட்டும் ஆடுங்கள் என்றும், பட்டனில் உங்களுக்கு முன் யாரும் நுழையாதபோது பாதிவரை விரியலாம் என்றும் சொல்வேன். ஒன்பது பேர் மேசையின் முதல் இருக்கையில், ஒரே இனமாக இல்லாத ஏஸ்-ஜாக்கை நான் தயங்காமல் ஃபோல்ட் செய்வேன்.

ஸ்மால் பிளைண்டை (பிக் பிளைண்டுக்கு முன்னுள்ள, அதில் பாதித் தொகை வைக்கும் இடத்தை) பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். பாதித் தொகை ஏற்கெனவே உள்ளே கிடக்கிறது, மீதியைப் போட்டால் போதும் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். ஃபிளாப், டர்ன், ரிவர் (ஐந்தாவது பொதுச் சீட்டு) மூன்றிலும் முதலில் பேச வேண்டியவர் நீங்கள் என்பதால், அந்த மலிவு விலையே பின்னால் மிகுந்த செலவு வைக்கும்.

எந்த நாற்காலி என்பது வேறு கேள்வி. பட்டன் ஒவ்வொரு கைக்கும் ஓரிடம் நகர்வதால் நல்ல இடமும் கெட்ட இடமும் எல்லோருக்கும் சமமாகவே வந்துபோகும். மாறாதது உங்கள் இருபுறமும் யார் இருக்கிறார்கள் என்பதே. ரம்மியில் நமக்குச் சீட்டுப் போடுகிறவர் யார் என்று பார்த்து உட்கார்வதைப் போல, இங்கும் எதற்கெடுத்தாலும் ரெய்ஸ் செய்பவர் உங்கள் வலப்புறம் இருக்கும்படி அமருங்கள்; ஆட்டம் இடப்புறமாகச் சுற்றுவதால், பெரும்பாலும் அவர் பேசிய பிறகே உங்கள் முறை வரும். நல்ல கைக்காகக் காத்திருந்து மற்றதையெல்லாம் ஃபோல்ட் செய்யும் நண்பர் யாரேனும் இருந்தால் அவரை இடப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பட்டனிலிருந்து ரெய்ஸ் செய்யும்போது ஸ்மால் பிளைண்டில் இருப்பவர் அவர்தான், சண்டையில்லாமல் விட்டுக்கொடுப்பார்.