கரையான் பொடியும் சிவப்பு மருந்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பூச்சிக் குடலில் வாழும் பாக்டீரியாக்களில் புற்றுநோயை அழிக்கும் பொருட்கள் இருப்பதாகச் செய்தி படித்தேன். அம்மாவுக்கு கீமோ நடக்கிறது, டாக்ஸோரூபிசின். ‘அந்தக் கெமிக்கலை நிறுத்திவிட்டுக் கரையான் பொடி கொடு’ என்கிறார் உறவினர் ஒருவர். பூச்சிகளுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது?
க.

அன்புள்ள க.,

பொடி வேண்டாம். அதை விவாதிக்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. அம்மாவுக்குச் சாப்பாடு இறங்குகிறதா? அதை எழுதாமல் பூச்சியின் ஞானத்தைக் கேட்கிறீர்களே!

பூச்சிக்கு ஒன்றும் தெரியாது. பெடரஸ் என்றொரு வண்டு. ஆரஞ்சும் கறுப்புமாகப் பார்த்தால் எறும்பு மாதிரி இருக்கும். ஓர் இரவு எழுதிக்கொண்டிருந்தபோது கழுத்தில் ஊர்ந்ததை யோசிக்காமல் தேய்த்துவிட்டேன். அன்று ஒன்றுமில்லை. மறுநாள் சிவந்தது. அதற்கடுத்த நாள் விரல் போன தடத்திலேயே கொப்புளங்கள் வரிசை கட்டின. அது கடிக்கவுமில்லை, கொட்டவுமில்லை. அதன் உடல்நீரிலுள்ள பெடரின் செய்த வேலை. செல் புரதம் தயாரிப்பதையே அது முடக்கிவிடும். ஆய்வகத் தட்டில் புற்றுச்செல்லைக் கொல்வதும் இதே பெடரின்தான், என் கழுத்தை வேகவைத்ததும் இதேதான். மருந்தாக அது தேறவில்லை.

அதைப் பிரித்தெடுக்க 1950களில் 2.5 கோடி வண்டுகளைப் பிடித்தார்கள். 2002இல் யோர்ன் பீல் என்ற ஆய்வாளர், அதைத் தயாரிக்கும் மரபணுக்கள் வண்டுக்குள் வாழும் சூடோமோனாஸ் வகை பாக்டீரியாவுடையவை என்று காட்டினார். (குடல்வாசி இல்லைதான், கதை ஒன்றே.) முட்டை வழியே குஞ்சுக்குப் போகும் அந்த விஷம் சிலந்தியை விரட்ட. நம்மை அதற்குத் தெரியவே தெரியாது.

‘புற்றுச்செல்லைக் கொன்றது’ என்று தலைப்பு பார்த்தால் துள்ளாதீர்கள். ப்ளீச்சிங் பவுடரும் கொல்லும். மற்ற செல்களை விட்டுவைத்ததா, எந்த அளவில், விலங்கில் என்ன ஆனது என்று கேளுங்கள். கரையானோடு வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா தந்த நாடலமைசின் என்ற பொருள், சாணவண்டுப் புழுவின் ஸ்ட்ரெப்டோமைசிஸ் தந்த டிரிபார்ட்டின், இரண்டுமே அந்தக் கேள்விகளைத் தாண்டி மருந்துக்கடைக்கு வந்துவிடவில்லை.

உறவினருக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். அம்மாவின் கையில் ஏறுகிற சிவப்புத் திரவமான டாக்ஸோரூபிசினும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கொடுத்ததுதான். இத்தாலிய மண்ணில் கண்டெடுத்த பாக்டீரியாவின் வம்சம். அவர் ‘கெமிக்கல்’ என்று திட்டுவதும் இயற்கையின் விஷம்தான். அது இதயத்தைக் கெடுக்கக்கூடியது என்பதால் வாழ்நாளில் மொத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்று கணக்கு வைத்து, எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள். பொடிக்கு அப்படியொரு கணக்கு உண்டா?

அடுத்த எக்கோ எப்போது என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று அம்மாவோடு நீங்களும் போங்கள்.